ஒரே ஊர், இரண்டு நகராட்சி: வல்கா நாட்குறிப்பு

வெள்ளி

எஸ்தோனியாவின் தார்த்து நகரில் ரயில் ஏறினால் வல்காவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ரயில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். எஸ்தோனியர்கள் இதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் கேரட். வழியெல்லாம் பைன் மரமும் பிர்ச் மரமும்தான். அக்டோபர் என்பதால் பிர்ச் இலை மொத்தமும் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருக்கிறது.

நான் நகராட்சியில் பில் கலெக்டராகச் சேர்ந்து, வருவாய் ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிற புத்தி. தார்த்துவில் வேலை பார்க்கும் மகள், "ரிகா போகலாம்ப்பா, பெரிய ஊரு" என்றாள். லாட்வியத் தலைநகரான ரிகாவுக்குப் போகிற வழியில் ஒரே ஊரை இரண்டு நாடும் இரண்டு நகராட்சியும் பங்கு போட்டிருக்கிற இடம் இருக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். "முதல்ல அங்க இறங்கிக்குவோம்மா" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு டிக்கெட் போட்டாள்.

எஸ்தோனியப் பக்கத்தின் பெயர் வல்கா. லாட்வியப் பக்கத்தின் பெயர் வல்க்கா. ஒரு புள்ளி எழுத்துதான் வித்தியாசம். படிக்கிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ரயில் நிலையம் ஊருக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. பழைய நிலையம் போரில் போய்விட்டது. இது 1949-ல் சோவியத் காலத்தில் கட்டியது. தூணும் கோபுரமுமாக ஒரு தலைநகரத்துக்குப் போதும். பக்கத்திலேயே பழைய நீராவி எஞ்சின் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தார்த்துவிலிருந்து வருகிற எஸ்தோனிய ரயிலும் ரிகாவிலிருந்து வருகிற லாட்விய ரயிலும் நெடுநாள் இங்கேயே வந்து நின்று திரும்பிக்கொண்டிருந்தன. 2025 ஜனவரியில்தான் தார்த்து – ரிகா நேரடி வண்டி விட்டார்கள். அதுவும் நாளைக்கு ஒன்று.

பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு எல்லையைப் பார்க்கக் கிளம்பினோம். கொன்னவோயா என்று ஒரு சின்ன ஓடை. அதை ஒட்டி மரப்பலகை நடைபாதை, பெஞ்சு, சிறுவர் விளையாட்டு இடம், மேடை. இரண்டு நகராட்சியும் சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைப்புற நிதியை வாங்கி, 2020-ல் முடித்த பொது மைதானம். நடுவில் இரண்டு கம்பம்: ஒன்று நீலம், கறுப்பு, வெள்ளை, மற்றது சிவப்பு, வெள்ளை. அவ்வளவுதான் எல்லை. காவலர் இல்லை, தடுப்பு இல்லை. நாய் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் இந்த நாட்டிலிருந்து அந்த நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். நாய் இரண்டு நாட்டிலும் காலைத் தூக்கியது.

எல்லைக்கோட்டின் மேல் ஒரு ஊஞ்சல் இருக்கிறது. முன்னால் போனால் ஒரு நாடு, பின்னால் வந்தால் இன்னொன்று. மகள் ஆடினாள், நான் படம் எடுத்தேன். என் போன் லாட்வியாவுக்கு வரவேற்று ஒரு குறுஞ்செய்தி, எஸ்தோனியாவுக்கு வரவேற்று ஒரு குறுஞ்செய்தி என்று மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.

கோடு தெரியாவிட்டாலும் தெருப்பலகை காட்டிக்கொடுத்துவிடும். எஸ்தோனியப் பக்கம் தெருவுக்குப் பெயர் 'தானவ்', லாட்வியப் பக்கம் வந்தால் 'இயெலா'. இரண்டு மொழிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எஸ்தோனியம் ஃபின்னிஷ் மொழிக்குச் சொந்தம்; லாட்வியத்துக்கு நெருங்கிய சொந்தம் லித்துவேனியம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ள வயதானவர்களுக்கு ரஷ்யமும் சின்னவர்களுக்கு ஆங்கிலமும் கைகொடுக்கிறது.

சனி

இன்றைக்கு முழுக்க லாட்வியப் பக்கம். பழைய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக் கட்டிடத்தில் வல்க்காவின் அருங்காட்சியகம் இருக்கிறது. சின்னதுதான், ஆனால் எங்களுக்கு அரை நாள் பிடித்தது.

இந்த ஊரின் பெயர் எழுத்தில் முதலில் வருவது 1286-ல், ரிகா நகரத்தின் கடன் பதிவேட்டில். எவனோ வாங்கிய கடனுக்கு நடுவில் ஊரின் பிறப்புச் சான்றிதழ். வருவாய்ப் பிரிவுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்! அப்போது ஊருக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் வால்க். பதினைந்தாம் நூற்றாண்டில் இன்றைய எஸ்தோனியா, லாட்வியா நிலப்பரப்பான லிவோனியாவை ஆண்ட பிஷப்புகளும் போர்த்துறவிகளும் நகரத்துப் பிரதிநிதிகளும் கூடிப் பேச இந்த இடத்துக்குத்தான் வந்தார்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்தது. 1584-ல் போலந்து மன்னர் ஸ்டீபன் பாத்தோரி நகர உரிமை கொடுத்தார். பிறகு சுவீடன்காரர்கள், அதற்குப் பிறகு ரஷ்யர்கள். 1783-ல் இரண்டாம் கேத்தரின் இதை மாவட்டத் தலைநகர் ஆக்கினார். 1889-ல் பிஸ்கோவ் – ரிகா ரயில் பாதை வந்தது. அதன் பிறகு குறுகிய பாதைகளும் வந்து சேர, ஊர் ஒரு பெரிய ஜங்ஷன் ஆனது.

அந்தப் பயிற்சிப் பள்ளியை நடத்தியவர் யானிஸ் சிம்ஸே என்ற லாட்வியர். பக்கத்து வல்மியெராவிலிருந்து 1849-ல் பள்ளியை இங்கே கொண்டுவந்தார். பாடம் நடந்தது ஜெர்மனில். படித்தவர்கள் லாட்விய, எஸ்தோனியக் கிராமத்துப் பையன்கள். கணக்கும் வேதமும் சொல்லிக்கொடுத்த அதே மூச்சில் சேர்ந்து பாடவும் சொல்லிக்கொடுத்தார். போகிற ஊரிலெல்லாம் வாத்தியார் ஒரு பாட்டுக் குழு சேர்க்க வேண்டும். 1869-ல் தார்த்துவில் எஸ்தோனியர்களின் முதல் பாட்டுத் திருவிழா நடந்தபோது குழுவை நடத்தியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் குனிலைடு இந்தப் பள்ளி மாணவர். 1873-ல் ரிகாவில் லாட்வியர்களின் முதல் விழா நடந்தபோது சிம்ஸேயின் மாணவர்கள் முன்னால் நின்றார்கள். இரண்டு தேசமும் பாடிப் பாடித்தான் தங்களைத் தேசமாக நினைத்துக்கொள்ளத் தொடங்கின என்பார்கள். அந்தப் பாட்டுக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒரே பள்ளிக்கூடம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தாலும் ஊர் நிர்வாகம் ஜெர்மன் வணிகர், கைவினைஞர் கையில்தான் தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஓட்டுரிமை சொத்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ரயில் வந்து ஊர் பெருத்ததும் எஸ்தோனியர்களும் லாட்வியர்களும் வீடு, கடை என்று வாங்கிச் சேர்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு தரப்பும் கைகோத்து நகர்மன்றத் தேர்தலில் ஜெர்மன்காரர்களைத் தோற்கடித்தன. 1902-ல் யொஹானெஸ் மார்ட்சன் என்ற எஸ்தோனியர் மேயரானார். 1917 வரை அவர்தான். இன்றைய எஸ்தோனியா என்று நாம் சொல்லும் நிலப்பரப்பில் ஒரு நகராட்சி ஜெர்மன் கையை விட்டுப் போனது இங்கேதான் முதலில். எஸ்தோனியரும் லாட்வியரும் சேர்ந்த கூட்டணிதான் அதைச் சாதித்தது.

அந்தக் கூட்டணி ஊரைத்தான் 1920-ல் வெட்டினார்கள்.

நடந்தது இது. 1917 நவம்பர் இறுதியில் லாட்வியர்களின் தற்காலிகத் தேசிய கவுன்சில் இந்த ஊரில் கூடித்தான் உருவானது. ரிகா அப்போது ஜெர்மன் படை வசம். ஆக லாட்வியருக்கு இது தங்கள் நாடு கருவான இடம். 1919 ஜனவரி 31 அன்று ஊருக்கு வெளியே பாயு பண்ணையில் போல்ஷெவிக்குகளின் செஞ்சேனையோடு நடந்த சண்டையில் எஸ்தோனியத் தளபதி யூலியுஸ் குபெர்யானோவ் குண்டடிபட்டு, சில நாளில் இறந்தார். மறுநாள் எஸ்தோனியப் படை ஊருக்குள் வந்தது. ஆக எஸ்தோனியருக்கு இது ரத்தம் சிந்தி மீட்ட ஊர். இரண்டு புது நாடும் விடவில்லை. பேசிப் பார்த்தார்கள், தீரவில்லை. கடைசியில் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்டீபன் டாலன்ட்ஸ் மத்தியஸ்தராக இருந்து 1920 ஜூலை 1-ல் கோடு போட்டுக் கொடுத்தார். ஊர்மையம், ரயில் நிலையம், நகர்மன்றம் எல்லாம் எஸ்தோனியாவுக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த சின்னத் துண்டு லாட்வியாவுக்கு. இரண்டு பேருக்கும் திருப்தியில்லை என்பதால் தீர்ப்பு நியாயமாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

செங்கோட்டை வட்டத்தை 1956-ல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்குமாகப் பிரித்தபோது என்ன நடந்தது என்று எங்கள் அலுவலகத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிரிப்பது கோடு போடுகிறவனுக்கு ஒரு நாள் வேலை. எந்தப் பதிவேடு எந்தப் பீரோவுக்கு என்பது குமாஸ்தாவுக்குப் பல வருஷ வேலை. வல்க்காவுக்கு வந்த துண்டில் ஒரு நகரம் நடத்தத் தேவையான எதுவும் ஏறக்குறைய இல்லை. அலுவலகம், பள்ளி, சந்தை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து உண்டாக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் லாட்வியப் பக்கம் நடந்தால் அது தெரிகிறது: பேட்டை மாதிரி பரந்து கிடக்கிறதே ஒழிய ஊர்மையம் என்று ஒன்று கூடி வரவில்லை.

ஞாயிறு

காலையில் எஸ்தோனியப் பக்கத்து யோவான் தேவாலயம். 1787-ல் தொடங்கி 1816-ல் முடித்தது. சுவர் முட்டை வடிவத்தில் வளைந்து போகிறது. எஸ்தோனியாவில் இப்படி வேறு இல்லை. ஜெர்மானியக் கலைஞர் லாடெகாஸ்ட் செய்த 1867-ம் வருட ஆர்கன் வாத்தியம் உள்ளே இருக்கிறது. பக்கத்திலேயே மரத்தால் கட்டிய நகர்மன்றக் கட்டிடம், 1865. சின்னதாக ஒரு கோபுரம் வைத்து அழகாக இருக்கிறது. மார்ட்சன் உட்கார்ந்த இடம் என்று நினைத்து ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

மத்தியானம் விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தோம். மகளின் அரைகுறை எஸ்தோனியமும் அந்த அம்மாவின் ஆங்கிலமும் சேர்ந்து ஓடியது. சோவியத் காலத்தில் இந்தக் கோடு வரைபடத்தில் மட்டும்தான். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை, கல்யாணம் எங்கேயோ. 1991-ல் இரண்டு நாடும் சுதந்திரமானதும் கோடு உயிர்பெற்றுவிட்டது. வேலி வந்தது, சாவடி வந்தது. எதிர் வீட்டுக்குப் போகக்கூடப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு சாவடி வரை சுற்றிப் போக வேண்டும். "சுதந்திரம் வந்தது சந்தோஷம். அத்தை வீடு தூரமானது வருத்தம்" என்றார் அந்த அம்மா.

2004-ல் இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2007 டிசம்பர் 21-ல் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் ஏற்பாடு வந்ததும் தடுப்பைத் தூக்கி எறிந்தார்கள். பிறகும் காசு வேறு வேறு: எஸ்தோனியா 2011-ல் யூரோவுக்கு மாற, லாட்வியா 2014-ல்தான் மாறியது. அதுவரை பையில் இரண்டு காசு. 2020 மார்ச்சில் கொரோனா வந்து மறுபடியும் தடுப்பு. அப்போது ஓடைக்கரை மைதானத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது! மே 15-ல் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா என்ற மூன்று பால்டிக் நாடுகளும் தங்களுக்குள் மட்டும் கதவைத் திறந்த பிறகுதான் மூச்சு விட்டார்களாம்.

சாயங்காலம் லாட்வியப் பக்கத்துக் கடைகள். எல்லையை ஒட்டி மதுக்கடைகள் கிட்டங்கி மாதிரி நிற்கின்றன. எஸ்தோனியா மது வரியை ஏற்றிக்கொண்டே போனபோது தலைநகர் தாலினிலிருந்துகூட வண்டி எடுத்துக்கொண்டு இங்கே வந்து பெட்டி பெட்டியாக பீர் வாங்கிப் போனார்கள். பொறுக்க முடியாமல் 2019 ஜூலையில் எஸ்தோனியா வரியில் கால் பங்கைக் குறைத்தது. அடுத்த மாதமே லாட்வியா காட்டமான மதுவுக்கான வரியை 15 சதவீதம் குறைத்து பதில் சொன்னது. இப்போது விற்பனை வரியிலும் வித்தியாசம்: எஸ்தோனியாவில் 2025 ஜூலையிலிருந்து 24 சதவீதம், லாட்வியாவில் 21.

எஸ்தோனியப் பக்கத்து சூப்பர் மார்க்கெட் வாசலில் காலி பாட்டில் எடுக்கிற இயந்திரம். பாட்டிலுக்கு 10 சென்ட் திருப்பித் தரும். ஒரு பாட்டி இரண்டு பையோடு வந்தார். நீலப் பையிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார், இயந்திரம் விழுங்கியது. வெள்ளைப் பையைத் தொடவேயில்லை. தவறிப்போய் அதிலிருந்து ஒன்று கலந்துவிட்டது போல. இயந்திரம் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. லாட்வியப் பாட்டில். அங்கேயும் 10 சென்ட்தான், 2022-லிருந்து அவர்களுக்கும் இதே ஏற்பாடு. ஆனால் அந்த நாட்டு வைப்புத்தொகை அந்த நாட்டு இயந்திரத்தில்தான் திரும்பும். பாட்டி அதை வெள்ளைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லைப் பக்கம் நடந்தார்.

மூன்று நாளாக நான் தேடிய எல்லைக்கோட்டை அந்த இயந்திரத்துக்குள்தான் பார்த்தேன்.

திங்கள்

தெருவெல்லாம் தேர்தல் சுவரொட்டி. எஸ்தோனியாவில் 2025 அக்டோபர் 19-ல் உள்ளாட்சித் தேர்தல். லாட்வியாவில் ஜூன் 7-லேயே முடிந்துவிட்டது. ஒரே ஊரில் இரண்டு தேர்தல், இரண்டு தேதி, ஓட்டுப் போடுகிற முறையும் வேறு வேறு.

எஸ்தோனியாவில் வெள்ளைச் சீட்டில் வேட்பாளரின் எண்ணை நம் கையால் எழுத வேண்டும். அல்லது வீட்டிலிருந்தே கணினியில் போடலாம், 2005-லிருந்து அந்த வசதி இருக்கிறது. 16 வயதானால் உள்ளாட்சிக்கு ஓட்டு உண்டு. லாட்வியாவில் 18. அங்கே கட்சிக்கு ஒரு பட்டியல் தருவார்கள். பிடித்த பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போடலாம், பிடிக்காதவரை அடித்துவிடலாம். அந்த அடிக்கிற உரிமையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். என் பணிக்காலத்தில் இது இருந்திருந்தால் சில கவுன்சிலர்கள் பெயரில் காகிதமே கிழிந்திருக்கும்.

சிரிப்புக்கு இடமில்லாத விஷயமும் உண்டு. சோவியத் காலத்தில் வந்து தங்கிய ரஷ்ய மொழிக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்காதவர்களிடம் இருப்பதை எஸ்தோனியாவில் 'சாம்பல் பாஸ்போர்ட்' என்பார்கள். லாட்வியாவில் இப்படிக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு உள்ளாட்சியிலும் ஓட்டு கிடையாது. எஸ்தோனியாவில் இருந்தது. 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ரஷ்ய, பெலாரஸ் குடிமக்களின் ஓட்டை எடுத்துவிட்டார்கள். சாம்பல் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2025 அக்டோபர்தான் கடைசி. உக்ரைன் போர் நடக்கும்போது எஸ்தோனியர்களின் பயம் அவர்களுக்கு. ஆனால் முப்பது வருஷம் தண்ணீர்க் கட்டணம் கட்டிய கிழவிக்குத் தெருவிளக்கு பற்றிச் சொல்ல ஒரு சீட்டு இல்லை என்பது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டு நாடும் உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பெரிதாக்குகின்றன. எஸ்தோனியாவில் 2017-ல் 213-ஐ 79 ஆக்கினார்கள். அப்போது வல்கா நகரமும் சுற்றியிருந்த நான்கு கிராம உள்ளாட்சிகளும் ஒரே கவுன்சிலுக்குக் கீழ் வந்தன. தனி நகராட்சி என்ற அந்தஸ்து போனது. லாட்வியா 2021-ல் 119-ஐ 43 ஆக்கியது. வல்க்கா சின்னதாக இருந்தும் தனியாகவே தப்பித்து நிற்கிறது.

என் தொழிலுக்கு வருகிறேன். எஸ்தோனியாவில் வீட்டு வரியே கிடையாது! வரி நிலத்துக்கு மட்டும். அந்தப் பணம் அப்படியே உள்ளாட்சிக்குப் போகிறது. மேலே குடிசை இருந்தாலும் மாளிகை இருந்தாலும் ஒன்றுதான். ஓடையைத் தாண்டினால் லாட்வியாவில் நிலத்துக்கும் வரி, கட்டிடத்துக்கும் வரி. குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பைப் பொறுத்து 0.2 முதல் 0.6 சதவீதம். இடிந்து தெருவைக் கெடுக்கிற கட்டிடத்துக்கு 3 சதவீதம் வரை போடலாம். அளவு நாடாவோடு வீடு வீடாக ஏறி இறங்கியவனுக்கு எஸ்தோனிய முறை பொறாமையாக இருக்கிறது. அங்கே பில் கலெக்டருக்கு மாடிப்படி ஏறுகிற வேலையே இல்லை.

ஆனால் உள்ளாட்சியின் உண்மையான வரும்படி வருமான வரியில் கிடைக்கிற பங்கு. இரண்டு நாட்டிலும் அப்படித்தான். யார் எந்த முகவரியில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த உள்ளாட்சிக்கு அவர் வரியின் பங்கு போகும். இங்கேதான் வல்க்காவுக்கு இடி. 2025-ல் எஸ்தோனியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 886 யூரோவாக இருந்தது, லாட்வியாவில் 740. எஸ்தோனியாவில் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கூடுதல். அதனால் லாட்வியப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் ஓடை தாண்டி வேலைக்குப் போகிறார்கள், முகவரியையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொள்கிறார்கள். நடக்கிற சாலை, எரிகிற விளக்கு வல்க்காவுடையது; வரி வல்காவுக்கு. லாட்வியப் பக்கத்து நகராட்சிக்காரர் என்னிடம் புலம்பியிருந்தால் நான் அவர் தோளில் கை போட்டிருப்பேன்.

அப்படியும் வல்கா கொழிக்கவில்லை. சோவியத் காலத்தின் கடைசியில் 17,000-க்கு மேல் இருந்த ஜனம் இப்போது 12,000 சுற்றி. ராணுவம் போனது, ஆலைகள் போயின, பிள்ளைகள் தார்த்துவுக்கும் ஃபின்லாந்துக்கும் போனார்கள். தெருவுக்கு ஒன்றிரண்டு வீடு பலகை அடித்துக் கிடக்கிறது. இந்த ஊர் செய்த துணிச்சலான காரியம், 'மறுபடி வளர்வோம்' என்று பொய் சொல்லாமல் இருந்தது. செக் நாட்டில் பிறந்த யிரி டின்டெரா இங்கே நகரக் கட்டிடக் கலைஞராக இருந்தபோது, ஊர் சுருங்கத்தான் போகிறது, அதை ஒழுங்காகச் சுருக்குவோம் என்று திட்டம் போட்டார். ஓரத்தில் ஆள் இல்லாத அடுக்குமாடிகளை இடிப்பது, மிச்சமிருக்கும் ஜனத்தையும் பணத்தையும் ஊர்மையத்துக்குக் கொண்டுவருவது. அந்த ஓடைக்கரை மைதானமும் இதன் ஒரு பகுதிதான். இடித்த இடத்தில் புல்லைப் போட்டு விட்டிருக்கிறார்கள். குப்பையோ ஆக்கிரமிப்போ இல்லை; வெறும் புல். அப்படி ஒன்றின் ஓரத்தில் நின்று, இங்கே எத்தனை வரி எண் ரத்தாகியிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

நிலையத்தில் ரிகா வண்டிக்குக் காத்திருக்கும்போது மகள் கேட்டாள்: "சரிப்பா, வீடு வாங்கினா எந்தப் பக்கம் வாங்குவீங்க?"

நில வரி மட்டும் என்பதால் எஸ்தோனியப் பக்கம். கடை கண்ணிக்கு லாட்வியப் பக்கம். ஓட்டுப் போடும் முறைக்கும் லாட்வியப் பக்கம், அந்த அடிக்கிற உரிமைக்காக. ரயிலுக்கு எஸ்தோனியப் பக்கம். யோசித்துவிட்டு, "வாடகைக்கு இருந்துக்கிறேம்மா" என்றேன்.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. ரிகாவில் அறை கிடைத்தபின் அடுத்ததை எழுதுகிறேன்.